சரணத்தில் என் பெயர்

பாக்கார் ஆராங் மண்டபத்தில் அன்று ஏர்கான் நன்றாகவே குளிர்ந்தது, சார். அதனால்தான் குணாளனுக்கு வியர்த்ததை நான் உடனே கவனித்தேன்.

நான் சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினேன். குணாளன் அவற்றுக்கு ராகம் போட்டுக் கச்சேரியில் பாடினான். "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். குறை சொல்ல முடியாது.

பாட்டு எழுதியவன் கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைப்பது வழக்கம். முத்திரை என்பார்கள். நானும் 'பக்கிரி' என்று வைத்தேன். நேரமாகிவிட்டது என்று அவன் சரணத்தையே விட்டுவிடுவான். யான் ஊரில் விட்டான், அலோர் ஸ்டாரில் விட்டான். கேட்டால், "அடுத்த வாட்டி பாடிர்றேண்ணே" என்பான். பதினோரு கச்சேரி போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவனுக்குச் சர்க்கரை நோய். கச்சேரிக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வான். சாப்பிட்டால் மேல் சுரம் எட்டாது என்று சாப்பிட மாட்டான். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வராமலிருக்க அவன் மனைவி பிரேமாவதி இஞ்சித் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டு பிளாஸ்க்கில் கொடுப்பாள். பாட்டுக்கு ஒரு மடக்கு. பிளாஸ்க்கோடு அவன் பின்னால் உட்காருவது என் வேலை.

அன்று அதைக் கொட்டிவிட்டுச் சீனியில்லாத இஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்தேன். விஷம் எதுவும் கலக்கவில்லை. அவன் சரணத்தைப் பாடியதும் கொடுக்கச் சட்டைப் பையில் மிட்டாய்கூட வைத்திருந்தேன். கொலைகாரன் மிட்டாய் வாங்குவானா?

என் பாட்டுக்கு முன்னால், வயலினில் உமாராணி ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, அவன் மெல்லத் திரும்பினான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு பிளாஸ்க் மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணே, பிரேமா சீனி போட மறந்துட்டா போல. இனிப்பா எதாச்சும் இருக்கா?"

"மிட்டாய் இருக்குலா தம்பி. சரணத்தப் பாடிடு, தர்றேன்."

பாடினான். என் பெயர் வந்தது. அதற்குமேல் அவனுக்கு நினைவு தடுமாறி, அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான். நிரவலில் அப்படித்தான் ஒரு வரியை வளர்ப்பார்கள். அதனால் உமாராணியும் மிருதங்கக்காரரும் சந்தேகப்படாமல் பின்தொடர்ந்தார்கள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. பக்தி என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒன்பதாம் முறை சரிந்து விழுந்தான். மூன்றாம் நாள் மருத்துவமனையில் உயிர் போயிற்று.

மிட்டாய் கடைசிவரை என் பையில்தான் இருந்தது. முதல் முறை பாடியபோதே கொடுத்திருக்கலாம். ஆனால் அப்போது பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சார்.