காலை மட்டும் எடுக்காதேங்கோ

இல்லைத் தம்பி தர்சன், தாலி கட்டுறதை வடிவா எடுங்கோ, பந்தியில ஆக்கள் சாப்பிடுறதையும் எடுங்கோ. நான் விசுவமடுவில இருந்து பஸ் பிடிச்சு உங்கட ஸ்ரூடியோவுக்கு வந்தது இந்த அம்மி மிதிக்கிற அலுவலாத்தான். மாப்பிள்ளை என்ர பிள்ளையின்ர காலைத் தூக்கி அம்மியில வச்சு மெட்டி போடேக்க, நீங்கள் வீடியோக்காரர் எல்லாரும் கமராவைக் கொண்டுபோய்க் காலுக்குக் கிட்டப் பிடிப்பியள். அதை விட்டிட்டு முகத்தை எடுங்கோ. சுமித்திராவுக்கு நல்ல லட்சணமான முகம்.

காலில என்னவோ? பெரிய வருத்தமெண்டு சொல்லேலாது. வலது கால் பெருவிரலுக்கு அடியில எலும்பு வெளியால தள்ளி நிக்குது. விரல் பக்கத்து விரலில சாஞ்சு கிடக்கு.

சீச்சீ, அடிகிடி ஒண்டும் படேல்ல. அவள் வவுனியாவில ஒரு புடவைக்கடையில வேலை. முதல் சம்பளத்தில குதி உயந்த, முன்னுக்குக் கூரான செருப்பொண்டு வாங்கினவள். நாள் முழுக்க நிண்டபடி வேலை. கால் நோகுதம்மா எண்டு வருவாள். நான் சும்மா விடுவனே? உன்ர எடுப்பாலதான் உந்தக் கால் இப்பிடிப் போனது எண்டு பேசிப் பேசி, ஒருநாள் அந்தச் செருப்பைத் தூக்கி அடுப்புக்குள்ள வச்சிட்டன். ரெண்டு நாளாக் குசினிக்குள்ள றப்பர் மணம். பிள்ளை சண்டை பிடிக்கேல்ல. பிழை என்னிலதானம்மா எண்டவள்.

காட்டாமல் என்ன, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். எலும்பு புதுசா வளரேல்லயாம், மூட்டு இடம் மாறுதாம். முன்பக்கம் அகலமான செருப்புப் போடச் சொன்னவர் டொக்டர். விரலுக்கு நடுவில வைக்க மெத்தெண்ட துண்டொண்டு தந்தவர். கனநேரம் நிண்ட நாளில ஐஸ் வைக்கட்டாம். நோவு குறையும், விரல் நிமிராது எண்டவர். தாங்கேலாமல் வந்தால்தானாம் ஒப்பரேசன். இப்ப அவளுக்குப் பறவாயில்லை.

என்ன, அவள் உங்களுக்குப் போன் எடுத்தவளோ? எப்ப, நேற்றோ? மெட்டி போடுறதைக் கிட்டத்தில எடுக்கச் சொன்னவளோ...

அப்பிடியெண்டால் எடுங்கோவன். அவளுக்கு வெக்கமில்லை எண்டால் எனக்கென்ன.

இல்லை, இப்ப போகேல்ல. ஒரு வாய் தண்ணி தாறியளோ.

தம்பி, தாரை வாக்கேக்க தாய்க்காரி நான்தானே தண்ணி ஊத்தோணும். அவளுக்குப் பக்கத்தில, செருப்பில்லாமல் நிக்கோணும். எங்கட ரெண்டு பேரின்ர காலும் ஒண்டாப் படத்தில விழக்கூடாது. கால் எண்டே ஒண்டும் வேண்டாம் எண்டு சொன்னால் இதுவும் விழாது எண்டுதான் நினைச்சு வந்தனான்.

அண்டைக்கு டொக்டர் கேட்டவர், குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ எண்டு. செருப்பு இதைக் கூட்டுமாம், ஆனால் கனபேருக்குத் தாய் தகப்பன் வழியாலதான் வாறதாம். சுமித்திராதான் முந்திக்கொண்டு சொன்னவள், இல்லை டொக்டர், அம்மாவுக்கு இருக்கிறது தொண்ணூற்றஞ்சில இடம்பெயரேக்க மாட்டுவண்டில் சில்லு ஏறின காயம் எண்டு. நான் சீலைக் கரையைக் கால் மறைய இழுத்து விட்டுக்கொண்டு இருந்தனான்.

அது என்னைப் பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்குச் சொன்ன கதை தம்பி. எலும்பு வருத்தக் குடும்பம் எண்டு விட்டிட்டுப் போயிடுவினம் எண்ட பயம். அந்தச் சண்டை நேரம் ஆரின்ர உடம்பிலதான் காயம் இல்லை? ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்ல. என்ர மனுசனும் நம்பினவர், பிள்ளையும் நம்பினது. காயம் எண்டதால அவள் உத்துப் பாக்கிறேல்ல. பெரிய படத்தில ரெண்டு காலையும் பக்கத்தில பக்கத்தில கண்டாளெண்டால் உண்மையைக் கண்டுபிடிச்சிடுவாள். வலது கால்தான் எனக்கும். அதே சாய்வு.

எந்த முகத்தோட அவளைப் பாப்பன், சொல்லுங்கோ? அவள் இண்டைக்கும் தன்ர பிழையெண்டு தன்னைத்தான் பேசிக்கொண்டு திரியிறாள்.

ஓம் தம்பி, வண்டில் ஒண்டும் ஏறேல்ல. எனக்குப் பதினாறு வயசில விரல் திரும்பத் தொடங்கினது. அப்ப எனக்குச் செருப்பே இல்லை.