அரை மில்லிமீட்டர்

மெஷினை நிறுத்துங்கக்கா. அந்தச் சட்டை கையில்லாமலே கிடக்கட்டும். நாலு பேரையும் எந்திரிச்சுப் பின்பக்கமாப் போகச் சொல்லுங்க. முன்வாசல் வேணாம், விரிசல் விட்ட அந்த உத்தரத்துக்குக் கீழதான் போகணும்.

ஆமா, இன்ஜினியர் சார் ஆபீஸ்தான். விரிசல் மேல அளவுத் தகடு ஒட்டினப்ப ஏணி புடிச்சேனே, அதே ஆளு. வேற கட்டடத்துக்கு வேணும், கழட்டிட்டு வாடான்னு அனுப்பினாரு. இப்பதான் ஏறிப் பாத்தேன். ஒட்டினப்ப விரிசல் அரை மில்லிமீட்டர். இப்ப நாலரை.

சிரிக்காதீங்க. பட்டன் ஓட்டை அளவு கூட இல்லியேன்னா எப்படி? கான்கிரீட் என்ன துணியாக்கா? லேசுல விட்டுக் கொடுக்காது. கொடுத்தா மொத்தமாக் கொடுத்துரும்.

என்னது, கதவு இடிக்குதா? என்னைக்கிலேருந்து? ஆளக் கூட்டிட்டு வந்து மேல சீவியும் விட்டுட்டீங்களா! அய்யோ, கோளாறு கதவுல இல்லக்கா. மேல இருக்கிறது கீழ வருது.

ரிப்போர்ட்டை எடுக்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கோடு கிட்டத்தட்ட மேசை மாதிரி தட்டையா இருக்கும். விரிசல் வளரலன்னு எழுதி, அடியில சார் கையெழுத்து. அதை நம்பித்தான் போன வாரம் உத்தரத்தைத் தாங்கிக்கிட்டிருந்த இரும்புக் குழாயெல்லாம் ஆளுங்க வந்து உருவினாங்க.

சாரைத் திட்டாதீங்க, அவரு கெட்டிக்காரரு. நம்பரைப் போட்டா சாஃப்ட்வேர் தானாக் கோடு போடும், ஒரு மில்லிமீட்டர் தாண்டினா சிவப்பாக் காட்டும். முத நாளே சொன்னாரு, இது நீ போட்டதை நம்பிரும், கட்டடம் நம்பாதுடான்னு. நானும் பெருசா தலையாட்டினேன்.

சாருக்குப் போன் பண்ணிட்டேங்க, மூணு தடவை. எடுக்கல.

மாடியில என்ன வச்சிருக்காங்க? பழைய பேப்பர் குடோனா? போன மாசத்தைவிடக் கட்டு ஏறியிருக்கா? நல்லாருக்கு போங்க.

ஷ்ஷ்... கேட்டுச்சா? எலி இல்லக்கா. அந்தக் கருப்புத் துணி மேல பாருங்க, வெள்ளையாத் தூள். இப்பதானே உதறி விரிச்சீங்க?

ஆர்டர் நாளைக்குக் குடுக்கணும், புரியுது. துணியை விடுங்க, செருப்பைக் கூடத் தேடாதீங்க. இன்ஜினியர் வாயால சொன்னாத்தான் கிளம்புவேன், பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட பய சொல்லியா கிளம்பறதுன்னு நினைக்கிறீங்க. நினைச்சுக்கங்க. ஆனா அந்தப் பேப்பர்ல இருக்கிறது சார் கண்ட நம்பர் இல்லக்கா.

அவரு எனக்குக் குடுத்தது ஒரே வேலை. நாப்பது நாள், தினம் காலையில இங்க வந்து, ஏணில ஏறி, தகட்டுல இருக்கிற நம்பரைப் போன்ல ஏத்தணும். ரெண்டு பஸ் மாறணும்க்கா. வீட்ல படுத்துக்கிட்டே அரை, அரைன்னு போட்டேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு நடுவுல ரெண்டு நாள் முக்கால் போட்டேன்.

ஒரு நாள் கூட வரல.