பிளசர் இருமுது

ஆவுடையப்பன்: நிறுத்தும்வே. நிறுத்தும்னா... இப்பக் கேட்டுதா?

இஸ்மாயில்: கேட்டுது முதலாளி.

ஆவுடையப்பன்: என்ன கேட்டுது?

இஸ்மாயில்: இருமுன மாதிரி...

ஆவுடையப்பன்: இருமுன மாதிரியா? மனுசன் இருமுவான், மாடு இருமும். பிளசர் காரு இருமுமாவே?

பார்வதியம்மாள்: நான் சொன்னா மட்டும் எரிஞ்சு விழுதிய. வெள்ளிக்கிழமையில இருந்து இப்படித்தான். கோயில் வாசல்ல ஆரம்பிச்சா ரயில்வே கேட்டு வரைக்கும் இருமிக்கிட்டே வருது. பாக்கவன்லாம் சிரிக்கான்.

ஆவுடையப்பன்: நீ பின்னாடி சும்மா இருட்டி. நான் டிரைவர்ட்டப் பேசுதேன். வே இஸ்மாயில், பழைய சத்தம் எது, இது எது?

இஸ்மாயில்: அது வேற, இது வேற முதலாளி. அது பின்பக்கம். பள்ளத்துல விழுந்தா கடகடன்னு வரும். பட்டை ஸ்பிரிங் போல்ட்டு தேஞ்சு போச்சு. மதுரைக்குப் போயி...

ஆவுடையப்பன்: மதுரைக்குப் போயி, உம்ம மச்சினன் கடையில வாங்கணும்.

இஸ்மாயில்: மச்சினன் கடை இல்ல முதலாளி. மச்சினனுக்குத் தெரிஞ்ச கடை.

ஆவுடையப்பன்: ரொம்ப வித்தியாசம்! சரி, இந்தச் சத்தம்?

இஸ்மாயில்: இது முன்பக்கம். இன்ஜினுக்குப் பெட்ரோலு ஒழுங்கா வந்து சேரல.

ஆவுடையப்பன்: அப்படி வழிக்கு வாரும். ஏன் சேரல? நான் சொல்லட்டா? அதுல மண்ணெண்ணெய் கலந்திருக்கு.

இஸ்மாயில்: முதலாளி!

ஆவுடையப்பன்: ரேஷன் கூப்பனுக்கு நாயா அலைஞ்சு வாங்குத பெட்ரோலு. அதுல கொஞ்சத்தை எவனுக்கோ தள்ளிவிட்டுட்டு, மண்ணெண்ணெயை ஊத்திச் சரிக்கட்டுனா வண்டி இருமாம என்ன செய்யும்? பாட்டா பாடும்?

பார்வதியம்மாள்: இவரு சட்டையில மண்ணெண்ணெய் வாடை அடிக்கத்தான் செய்யுது. நான் அன்னைக்கே சொன்னேன்.

இஸ்மாயில்: கையில கிரீசு ஒட்டுனா மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவணும்மா. வேற எதுக்கும் போகாது.

ஆவுடையப்பன்: எல்லாத்துக்கும் ஒரு பதிலு வச்சிருக்கீரு.

இஸ்மாயில்: நான் எப்படி முதலாளி ஊத்துவேன்? டேங்கு மூடிக்குத்தான் பூட்டு போட்டிருக்கியளே. ஆசாரியை வரச்சொல்லி, என் கண்ணு முன்னாடியே...

ஆவுடையப்பன்: போட்டேன். அதுக்கென்ன?

இஸ்மாயில்: சாவியும் உங்க அரைஞாண்லதான் கிடக்கு.

ஆவுடையப்பன்: கிடக்கு. குளிக்கும்போதுகூட அவுக்கதில்ல.

பார்வதியம்மாள்: உறங்கும்போது என்னையக் குத்துதுன்னு சொன்னாலும் அவுக்கதில்ல.

ஆவுடையப்பன்: ஒரு சாவியைப் பாத்து இன்னொரு சாவி செய்ய முடியாதாவே? அந்த ஆசாரி உமக்குச் சிநேகிதந்தான?

இஸ்மாயில்: ஊருல பாதிப்பேரு எனக்குச் சிநேகிதந்தான். அதுக்காக...

ஆவுடையப்பன்: பேசாதியும். வயித்தெரிச்சலா வருது. உமக்காக நான்... எங்கெங்க போயி... சரி, விடும்.

பார்வதியம்மாள்: இவருக்காக நீங்க எங்க போனிய?

ஆவுடையப்பன்: எங்கயும் போகல.

பார்வதியம்மாள்: எங்கெங்கன்னு இப்பச் சொன்னியளே...

ஆவுடையப்பன்: ஒண்ணுமில்லன்னேம்லா! வண்டியை எடும்வே. மெதுவா எடும்.

இஸ்மாயில்: எடுக்கேன்... முதலாளி, மேலநீலிதநல்லூர்ல இன்னைக்கு என்ன விசேஷம்? நூல்கடையைக்கூடத் திறக்காம கிளம்பும்னிய. காரியத்தைச் சொல்லல.

ஆவுடையப்பன்: காரியம் இருக்கு.

பார்வதியம்மாள்: டிரைவர் அண்ணாச்சிட்ட எதுக்கு மறைக்கணும்? போனதும் தெரியத்தான போகுது. என் தம்பி துரைப்பாண்டியைக் கூட்டிட்டு வரப் போறோம். அவன் லாரி ஓட்டிப் படிச்சு லைசென்ஸ் எடுத்துட்டான்.

ஆவுடையப்பன்: வே! வண்டி எங்க போகுது? ரோட்டைப் பாரும்.

இஸ்மாயில்: அப்ப... நானே ஓட்டிட்டுப் போயி, என் எடத்துக்கு ஆளைக் கூட்டிட்டு வரணும்.

ஆவுடையப்பன்: இன்னும் ஒண்ணும் முடிவாகல.

பார்வதியம்மாள்: ஏன் முடிவாகல? சத்தம் என்னன்னு இன்னைக்குள்ள கண்டுபிடிக்கலன்னா இவரு போகட்டும், துரைப்பாண்டி வரட்டும்னு நேத்துச் சொன்னியளா இல்லையா?

ஆவுடையப்பன்: அதைச் சொன்னது நீ. நான் ம்னு சொன்னேன்.

இஸ்மாயில்: இந்தா, ஓரமா நிறுத்திட்டேன். இறங்கி அந்த வேப்பமரத்து நிழல்ல நில்லுங்க.

ஆவுடையப்பன்: எதுக்கு? நடுரோட்டுல எங்களை விட்டுட்டுப் போகவா?

இஸ்மாயில்: வேலை போனாப் போகுது முதலாளி. பெட்ரோல் திருடுன டிரைவருன்னு பேரு வாங்கிட்டா, இந்த ஜில்லாவுல எவன் என்னை நம்பி வண்டி குடுப்பான்? பிள்ளைகளுக்கு என்னத்தைக் குடுப்பேன்? இங்கனயே கண்டுபிடிக்கேன். அந்தத் திருப்புளியை எடுத்துக் குடுங்க.

பார்வதியம்மாள்: அதை ஏன் காதுல வைக்கிய?

இஸ்மாயில்: மறுமுனையை இன்ஜின்ல வச்சா உள்ளுக்குள்ள ஓடுதது கேக்கும்மா... ம்... இது சுத்தமா இருக்கு... இங்கனயும் குத்தமில்ல...

ஆவுடையப்பன்: ரேடியோ கேக்காரு. என்னவே செய்தி?

இஸ்மாயில்: இன்ஜின் நல்லாருக்குங்குது. பெட்ரோல் வார வழியைப் பாக்கணும். பம்புக்கு அடியில ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கு, அதைக் கழட்டுதேன்.

பார்வதியம்மாள்: காருக்குள்ள கிண்ணமா?

இஸ்மாயில்: பெட்ரோல்ல உள்ள தூசி தும்பு அதுலதான் தங்கும்... முதலாளி, கொஞ்சம் இங்கன வாங்க.

ஆவுடையப்பன்: என்ன, மண்ணெண்ணெய்தான?

இஸ்மாயில்: மோந்து பாருங்க. சொட்டுக்கூட இல்ல. அடியில பாருங்க.

ஆவுடையப்பன்: ...என்னவே அது?

இஸ்மாயில்: மண்ணு. மாவு மாதிரி அப்பிக் கிடக்கு. டேங்குக்குள்ள இன்னும் எம்புட்டோ!

ஆவுடையப்பன்: ...ரோட்டுப் புழுதியா இருக்கும். கழுவி மாட்டும். போவோம்.

பார்வதியம்மாள்: என்ன, பொட்டுன்னு அடங்கிட்டிய? இம்புட்டு நேரம் அந்தக் குதி குதிச்சிய. இங்கன காட்டுங்க அண்ணாச்சி... இது புழுதி இல்ல.

ஆவுடையப்பன்: உனக்கு எப்படித் தெரியும்?

பார்வதியம்மாள்: பிறந்ததுல இருந்து நெத்தியிலயும் நாக்குலயும் வச்ச மண்ணு எனக்குத் தெரியாதா? இது நம்ம கோயில் புத்து மண்ணு.

ஆவுடையப்பன்: அப்ப நீதான் போட்டிருக்க! நம்ம வீட்டுல கோயிலுக்குப் போறது யாரு? தலைவலின்னா மண்ணு, வயித்துவலின்னா மண்ணு. இப்பக் காருக்கும் மண்ணு!

பார்வதியம்மாள்: நானா? இதுல பெட்ரோலு எங்கன ஊத்துதாவன்னே எனக்குத் தெரியாது. அதுவும்போக, அந்தச் சத்தம் நிக்கணும்னு நான் எதுக்கு வேண்டப் போறேன்? நின்னுட்டா என் தம்பி வீட்டுலயேல்லா உக்காந்திருப்பான்.

ஆவுடையப்பன்: ஓகோ. அதுதான் சங்கதியா?

பார்வதியம்மாள்: ...வாய் தவறி வந்துட்டு.

ஆவுடையப்பன்: அப்ப நீருதான்வே. வேலை போயிருமோன்னு பயந்துக்கிட்டு...

இஸ்மாயில்: ஆமா முதலாளி. நானும் போட்டேன்.

பார்வதியம்மாள்: அண்ணாச்சி, நீங்களா!

இஸ்மாயில்: வீட்டுல சொன்னா. பிள்ளைகளுக்குச் சொறி சிரங்குன்னா நாங்களும் வாங்கிப் பூசத்தான செய்யுதோம்? பூ விக்கிற கோமதித்தாய்ட்டச் சொல்லி ஒரு சிட்டிகை வாங்கி, அந்தப் பட்டை ஸ்பிரிங்ல பூசுனேன். சத்தம் வந்த எடத்துல. டேங்குல போடல. எந்த டிரைவராவது பெட்ரோல் டேங்குல மண்ணைப் போடுவானா?

ஆவுடையப்பன்: போடலங்கதுக்கு யாரு சாட்சி?

இஸ்மாயில்: பூட்டுதான் முதலாளி.

பார்வதியம்மாள்: ...ஏங்க.

ஆவுடையப்பன்: என்ன?

பார்வதியம்மாள்: அந்தச் சாவி.

ஆவுடையப்பன்: சாவிக்கென்ன?

பார்வதியம்மாள்: குளிக்கும்போதுகூட அவுக்கதில்ல.

ஆவுடையப்பன்: ...வெயிலு ஏறுது. கிளம்புவோம்.

பார்வதியம்மாள்: வெள்ளிக்கிழமை விடியமுன்ன, ஸ்டேஷன்ல நூல்கட்டு வந்திருக்குன்னு போனிய. வரும்போது வேட்டி முந்தியெல்லாம் கறை. கேட்டதுக்குச் சாயம்னிய.

ஆவுடையப்பன்: சாயந்தான்.

பார்வதியம்மாள்: மேடை மேடையா ஏறி, சாமியே இல்ல, கல்லு கேக்குமா, மண்ணு கேக்குமான்னு பேசுத மனுசன்!

ஆவுடையப்பன்: மெதுவாப் பேசுட்டி. ரோட்டுல மாட்டுவண்டிக்காரன் போறான்.

இஸ்மாயில்: அப்ப எதுக்கு முதலாளி என்னையத் திருடன்னிய? மனசு ஆறலயே.

ஆவுடையப்பன்: மண்ணு போட்டா அந்தப் பழைய சத்தம் நிக்கும்னாவ. போட்ட அன்னைக்கே புதுசா இருமுது. வேற என்னத்தை நெனைக்க? நீருதான் உள்ள என்னமோ கலந்துட்டீருன்னு... தப்புதான்வே. மனசுல வச்சுக்கிடாதியும்.

இஸ்மாயில்: ...சரி முதலாளி. நான் இதைக் கழுவி மாட்டுதேன்.

பார்வதியம்மாள்: இருங்க அண்ணாச்சி. எனக்கு இன்னும் ஆறல. நான் காய்ச்சல்ல கிடந்தப்பகூட அந்தக் கோயில் வாசப்படியை மிதிக்காத ஆளு. ஒரு காரு சத்தம் போடுதுன்னு போயிருக்கிய. எதுக்கு?

ஆவுடையப்பன்: சொன்னா அழுவ.

பார்வதியம்மாள்: அழல. சொல்லுங்க.

ஆவுடையப்பன்: சத்தம் நின்னா இந்த மனுசனை நிறுத்த வேண்டாம். இவரை நிறுத்தலன்னா உன் தம்பி நம்ம வீட்டுக்கு வர வேண்டாம்... ஒரு சிட்டிகை போதும்னுதான் கோயில்ல சொன்னாவ. நான்தான் துரைப்பாண்டி மொகத்தை நெனச்சுக்கிட்டு, ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன்.