ஒழுகும் வகுப்பறையும் சங்கச் சந்தாவும்

பாலக்கோட்டில் பஸ் கிளம்பியதும் முன் இருக்கைப் பேச்சிலிருந்து நான் புரிந்துகொண்டது இது:

1. அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர், மழையில் ஒழுகும் தன் வகுப்பறையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்.
2. அரசை விமர்சித்ததாக மெமோ வந்தது. பதில் சரியில்லை என்றால் இன்கிரிமெண்ட் நின்றுவிடும்.
3. ஆசிரியர் சங்கத்திடம் போகலாம் என்றால், சந்தாவைப் போன வருடமே நிறுத்திவிட்டார்.
4. பஸ்ஸில் எதிர் வரிசையில் சங்கச் செயலாளரே உட்கார்ந்திருந்தார்.

“இதைவிடக் காரமா மேடையில பேசுனமுங்க டீச்சர். எங்களுக்கு மெமோ வந்துச்சா?”

“ஒழுகறது அதே கூரைதானுங்களே சார்?”

“தனியாச் சொன்னா விமர்சனம், கூட்டமாச் சொன்னா கோரிக்கை. சந்தா கட்டுங்க, உங்களுக்காக நாங்க பேசறோம்.”

“போன வருஷம் பேசுனீங்களே, டிரான்ஸ்பர் கவுன்சிலிங்கே வேண்டாம்னு! நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். என் காசுல எனக்கு எதிரா மைக் புடிச்சீங்க.”

“வூட்டுலயே எல்லாருக்கும் ஒரே குழம்பு புடிக்குதுங்களா டீச்சர்?”

“புடிக்கலைன்னு வூட்டுல சொல்லலாமுங்க, மெமோ வராது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டார்.

“சரிங்க சார், சந்தா கட்டறேன். அடுத்த கூட்டத்துல கூரையைப் பத்தி நானே பேசறேன்.”

“அது... பேசறதுக்கு சீனியாரிட்டி இருக்குதுங்களே டீச்சர். உங்க முறை வர்றதுக்குள்ள புதுக் கூரையே போட்டுருவாங்க.”

மாரண்டஹள்ளியில் இருவரும் இறங்கினார்கள். மெமோவுக்கு நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டும். சந்தா கட்டப்படவில்லை. இறங்கும்போது டீச்சரின் போனைப் பார்த்தேன். அதே வகுப்பறைப் படத்தை மறுபடியும் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தார்.