அங்குலத்துக்கு ஒரு மைல்

மழைக்காலத்தில் காகிதம் கொஞ்சம் நீளும். ஐப்பசியில் ஓர் அடி இருந்த தாளைச் சித்திரையில் அளந்து பாருங்கள், மயிரிழை குறைந்திருக்கும். அதனால்தான் நல்ல நிலப்படங்களின் அடியில் அளவை எழுத்தில் சொல்வதோடு நிறுத்தமாட்டார்கள். ஒரு கோடும் போட்டு, அதை மைல் மைலாகப் பிரித்துக் காட்டுவார்கள். தாள் நீண்டால் கோடும் நீளும், சுருங்கினால் கோடும் சுருங்கும். எழுத்து அப்படியே இருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது. இன்ஸ்பெக்டர் ஐயா, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் தேவசிகாமணி, பாளையங்கோட்டையில் டிராயிங் மாஸ்டர். மேலப்பாளையம் ஜவுளி வியாபாரி அகமது மீரான் என் சிநேகிதர். பதினோரு வருஷமாக, பள்ளி விடுமுறை விட்டால் இருவரும் பாபநாசம் மலையில் இருப்போம். பாணதீர்த்தம் அருவி வரை கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்போம். அதற்கு மேலே போனதில்லை. எங்களிடம் இருந்தது சர்க்காரின் புதிய படம், நாலு மைலுக்கு ஓர் அங்குலம். அதில் தாமிரபரணி ஒரு நூல், மலை ஒரு பழுப்புத் தீற்றல். ஒற்றையடிப் பாதை ஒன்றுகூட இல்லை.

அதற்கு முந்தைய படம் ஒன்று உண்டு, மைலுக்கு ஓர் அங்குலம் என்று கேள்விப்பட்டோம். அப்படியானால் அதில் நாலு மடங்கு இடம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, பதினாறு மடங்கு. நீளத்தில் நாலு, அகலத்தில் நாலு. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அவ்வளவு அழகு.

ஆறு வருஷம் தேடினோம். கடைசியில் 1912 புரட்டாசியில், கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கட்டின்மேல் அது சுற்றியிருந்தது. தாணுமாலையன் என்ற அப்பள வியாபாரி, ஆபீஸ்களில் கழித்துவிட்ட காகிதத்தைத்தான் கட்டுகளுக்குச் சுற்றுவார். மீரான் தம் மனைவி ஆபிதா பீவிக்காக ஒரு பெரிய கட்டு வாங்கினார்.

"அண்ணாச்சி, பைய எடும். கிழிஞ்சிரப் போகுது" என்றேன் தாணுமாலையனிடம்.

"அப்பளம் ஒடையும், கிழியாது வே."

"அப்பளம் கெடக்கட்டும். மேல சுத்தின தாளைச் சொல்லுதேன்."

தாணுமாலையன் மீரானைப் பார்த்தார். "என்னவே, ஒம்ம கூட்டாளி காகிதத்தைப் பொரிச்சுத் திம்பாரோ?"

ஆற்றுப் படித்துறையில் தாளை விரித்தோம். பழைய படங்களில் மலையைச் சின்னச் சின்ன மயிர்க்கோடுகளால் வரைவார்கள். சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடுகள் நெருங்கும், பாறை விளிம்பில் கறுப்பாகவே ஆகிவிடும். பாணதீர்த்தத்துக்கு மேலே, அந்தக் கறுப்புகளுக்கு நடுவே, புள்ளி புள்ளியாக ஒரு பாதை, மலையைத் தாண்டித் திருவிதாங்கூர்ப் பக்கம் வரை. மீரான் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது, அந்தக் கிறுகிறுப்பு இன்னும் முழுக்க இறங்கவில்லை.

அப்போதுதான் அவர் சொன்னார்: "இதை எட்டாக் கத்திரிச்சு மல் துணியில ஒட்டிருவோம். மடிச்சா மடியும், கசங்காது. பாதி ஒமக்கு, பாதி எனக்கு. நியாயம்தானவே?"

தொழில்முறையில் அவர் சொன்னது சரிதான். துரைமார்கள் அப்படித்தான் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கத்திரி போகிற வழியில் ஒரு தையல்நூல் கனத்துக்குத் தாள் போய்விடும். இந்தப் படத்தில் அந்த நூல் கனம் என்பது மலையில் எண்பது அடி. எண்பது அடிக்குள் ஓர் ஊற்று இருக்கலாம். மிச்சத்திலும் பாதிதான் எனக்கு. பாதி மலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

நல்லவர் அவர். தாள் அவருடையது, எனக்குப் பாதி கொடுக்கவேண்டிய கட்டாயமே இல்லை.

எனக்குப் பள்ளியில் பரீட்சை இருந்தது. அவரோ, ஐப்பசி பிறந்ததும் தனியாக ஒரு நடை போய்வந்து, பிறகு கத்திரிக்கலாம் என்றார். "அப்படியானா பையில வைக்கச் சின்னதா ஒரு படி எடுத்துத் தாரேன்" என்றேன். சந்தோஷமாகத் தாளை என்னிடம் விட்டுப்போனார்.

படியெடுப்பது எளிது. மூலத்தில் ஓர் அங்குலக் கட்டங்கள் போடுங்கள், வெள்ளைத் தாளில் அரை அங்குலக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை அதே கட்டத்தில் பார்த்து வரையுங்கள், படம் பாதியாகிவிடும். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. ஒரு வளைவுகூட விடவில்லை. அடியில் இருந்த எழுத்தையும் அப்படியே எழுதினேன்: அங்குலத்துக்கு ஒரு மைல். மைல் பிரித்துக் காட்டும் கோட்டை மட்டும் போடவில்லை. பாணதீர்த்தம் வரையுள்ள பகுதியையும் வரையவில்லை. தெரிந்த வழிக்குப் படம் எதற்கு? தெரிந்த வழியில் நடப்பவன் மைலைச் சரிபார்த்துவிடுவான்.

மீரான் வந்து, என் படியில் பாதைமேல் ஒரு நூலை வளைத்து வைத்து, அதைக் கெசக்கோலில் நீட்டிப் பார்த்தார்.

"பதினோரு அங்குலம், பதினோரு மைலு. விடிய அருவிகிட்டருந்து பொறப்பட்டா, பொழுது சாயதுக்குள்ள அங்கிட்டுத் தேயிலைத் தோட்டத்துல இருப்பேன்." பிறகு நூலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "ஏன்வே, துணி நனைஞ்சா சுருங்கும், கெசக்கோலு சுருங்காதுல்லா? நீரு படத்தைச் சுருக்கியிருக்கீரு. அப்பம் மைலு?"

இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு பாரும்" என்றேன்.

பார்த்தார். "நீரு எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துப் பையில் வைத்தார்.

அவர் புறப்பட்ட அன்று, மூலத்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஈரமான ஏற்றத்தில் ஒருவர் மணிக்கு ஒரு மைல் நடப்பார், பாதையோ இருபத்திரண்டு மைல். பாதி வழியில் பொழுது சாயும். இரவெல்லாம் நனைந்த உடம்புக்கு மறுநாள் அந்த வேகம் இருக்காது, ஆனாலும் தோட்டம் இதோ வந்துவிடும் என்று முன்னால்தான் போவார். எடுத்துப்போன அரிசி ரொட்டி இரண்டு நாளுக்கு. மேலே குளிர், மழை, அட்டைக்கடி. மயிர்க்கோடுகள் கறுப்பாகும் ஓர் ஓடை வளைவில் புள்ளி விழுந்தது.

நாலாம் நாள் ஆபிதா பீவி வந்தார். "ரெண்டு நாள்ல வந்திருவேன்னு சொல்லிட்டுப் போனாஹ, மாஸ்டரே. வழி ரொம்ப தூரமோ? ஆளு அனுப்பிப் பாப்பமா?"

"மழைக்கு எங்கனயாவது தங்கியிருப்பாரும்மா" என்றேன். அவர் போனபின் வேலையைத் தொடர்ந்தேன். மூலத்தாளின் பின்புறம் மல் துணி ஒட்டிக்கொண்டிருந்தேன். வெட்டாமல், முழுசாக.

ஒன்பதாம் நாள், மலையில் குடியிருக்கும் காணிக்காரர்கள் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். அவர்கள் சொன்ன ஓடையைப் படத்தில் தேடி, என் புள்ளியிலிருந்து அளந்தேன். கால் அங்குலம். மலையில் கால் மைல். பழைய படம் எவ்வளவு நம்பகமானது என்று பாருங்கள்.

உங்கள் அறிக்கையை நேற்றுப் படிக்கக் கொடுத்தீர்கள். மரணம் விபத்து, காரணம் படியெடுத்தவரின் கவனப்பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் நானாக வந்தேன். அது பிழை இல்லை. மைல் பாதியாகத் தெரியவேண்டும் என்றுதான் வரைந்தேன், அவர் திரும்பக்கூடாது என்றுதான் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தாளைச் சாட்சியமாக எடுத்துப்போவீர்கள், தெரியும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். முழுசாக விரித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மீரானும் இப்போது இருந்து பார்த்திருந்தால், வெட்டாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் சொல்லியிருப்பார்.