கடைசி வாளி

டென்ச் மீனுக்கு அவசரம் பிடிக்காது. சார்ஜென்ட் டல்லி தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "உங்க சொந்த வார்த்தையில, மொதல்லேர்ந்து எழுதுங்க மிஸ்டர் ஓக்லி" என்று சொன்னார். முதல் என்று யோசித்தால் எனக்கு அந்த மீனில்தான் தொடங்கத் தோன்றுகிறது.

பச்சை உடம்பு, சிவந்த சின்னக் கண், கையில் பிடித்தால் சோப்பு மாதிரி வழுக்கும். ஏரியின் அடிச்சேற்றை மோந்துகொண்டே நாளைக் கழிக்கும். ஓர் இடத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இரை விழுந்தால், பத்துப் பதினைந்து நாளில் அந்த இடத்தின்மேல் அதற்கு நம்பிக்கை வந்துவிடும். அப்புறம் தவறாமல் வரும். பிரியரி ஏரியில் நாற்பது வருஷமாக நான் செய்ததெல்லாம் இதுதான். மார்ச் மாதம் மூடுகிற மீன்பிடிப்பு ஜூன் பதினாறாம் தேதி திறக்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் என் இடத்தைச் சுத்தம் செய்வேன், இரை போடுவேன். திறப்பு நாளன்று விடியற்காலையில் போய் உட்காருவேன்.

எங்கள் சங்கத்தில் பன்னிரண்டு பேர். காவல் பொறுப்பு என்னுடையது. செயலாளர் ஆர்ச்சி பர்கிஸ். ஊரில் கறிக்கடை வைத்திருந்தான். இருபத்தாறு வருஷச் சிநேகம். தினமும் காலையில், மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்றைக் கொண்டுவந்து பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டி, பெரிய துண்டை என்னிடம் நீட்டுவான். நல்ல மனிதன். வாக்குமூலம் என்பதற்காக அதை மாற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரி ஒரு காலத்தில் களிமண் தோண்டிய குழி. என் இடத்தில் கரையிலிருந்து பத்தரைக் கஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரை சாய்ந்துகொண்டே போகும். பிறகு தரையே இருக்காது. பதினாறடி ஆழம். அதனால் விளிம்புக்கு ஐந்தடி முன்னாலேயே, ஒன்பதாவது கஜத்தில், மே மாதத் தொடக்கத்தில் நான் ஒரு குச்சியை நட்டுவைப்பேன். பாசி வாருகிறவர் மார்பு வரைக்கும் வரும் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தக் குச்சி வரை நடப்பார், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இரும்புப் பல் வைத்த பாசிவாரியை முன்னால் வீசுவார். வாரியில் கட்டிய கயிறு கரையில் நிற்பவர் கையில் இருக்கும். "இழு" என்றால் இழுக்க வேண்டும். குச்சியைத் தாண்டி யாரும் கால் வைப்பதில்லை. அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதும் இல்லை, நட்டவன் நான் என்பதால்.

போன வருஷம் ஜூன் ஒன்பதாம் தேதி என் மனைவி எட்னா மருத்துவமனையில் இறந்துபோனாள். நான் ஏரியில் இருந்தேன். பதினாறாம் தேதி பதினோரு மணிக்கு அடக்கம். திறப்பு நாள் என்பதால் சங்கத்துக்காரர்கள் பாதிப்பேர் ஈர பூட்ஸோடு தேவாலயத்துக்கு வந்தார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பர்கிஸ் என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். கறுப்புக் கோட்டின் கைமடிப்பில் மீன் கோழை காய்ந்து பளபளத்தது.

"வில்ஃபு, கோவிச்சுக்காதடா. உன் எடத்துலதான் உக்காந்தேன். அவ்வளவு இரை போட்டிருக்க, வீணாப் போகக் கூடாதுன்னு தோணிச்சு."

"பரவால்ல" என்றேன்.

"ஒம்பது பவுண்டு ரெண்டு அவுன்ஸுடா. ஆறு நாப்பதுக்கு. நம்ம ஏரியில இதுவரைக்கும் யாரும் பாக்காத மீனு. ஒன்ன நெனச்சுக்கிட்டேதான் வலையில ஏத்தினேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை சார்ஜென்ட்டிடமும் சொன்னேன்.

இந்த வருஷம் நான் செய்ததற்குக் காரணம் கெண்டை. ஜூன் மூன்றாம் தேதிக் கூட்டத்தில் பர்கிஸ் எழுந்து, ஏரியில் பெரிய கெண்டைகளை விட வேண்டும் என்றான்.

"பன்னெண்டு கெழவனுங்க ஒக்காந்து பிளாஸ்க் டீ குடிக்கிறதுக்கு ஒரு ஏரியா? நாலு கெண்டைய விடுங்க, இளவட்டம் தானா வரும்."

"இளவட்டம் வந்தா உன் கதையெல்லாம் யாருடா கேப்பா?" என்றார் பொருளாளர் லாங்டன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெண்டை தின்னி. சேற்றைக் கலக்கும், அல்லியைப் பிடுங்கும், டென்ச் மீனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. பத்து வருஷத்தில் அங்கே ஒரு டென்ச் இருக்காது. தன்னால் வாய் திறந்து கேட்க முடியாத ஓர் உயிருக்காக யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. நான் செய்தேன். ஏரியைக் காப்பாற்றினேன் என்றுதான் நேற்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. என் இடத்தில் தினமும் இறங்கிப் பாசி வாரிக்கொடுக்கிறவன் பர்கிஸ். காலையில் பர்கிஸ் வருவதற்கு அரை மணி முன்னால் நான் தண்ணீரில் இறங்கிக் குச்சியைப் பிடுங்கி, மூன்று அங்குலம் தள்ளி நட்டேன். மறுநாள் இன்னொரு மூன்று அங்குலம். மூன்று அங்குலத்தை யாருடைய காலும் கண்டுபிடிக்காது. கரையிலிருந்து பார்த்தால் குச்சி குச்சியாகத்தான் தெரியும். இருபது நாள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அவன் குச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"என்னடா வில்ஃபு, தண்ணி ஏறுதா, இல்ல நான் குள்ளமாயிட்டு வரேனா?"

"ராத்திரி மழை. அப்பறம், நீ தின்ற பைக்குக் காலடிச் சேறு அமுங்காம என்ன பண்ணும்?"

"பெரிய துண்டு தின்றவன் நீ, அமுங்குறது நானா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. அவனோடு இருந்தால் அப்படித்தான், எப்போதுமே.

ஜூன் பன்னிரண்டாம் தேதி குச்சி விளிம்பின் மேலேயே இருந்தது. காலை ஏழு மணி. வெயில் நன்றாக வந்திருந்தது. பர்கிஸ் வாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கயிறு என் கையில். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. ஒரு கையால் குச்சியைப் பிடித்தபடி, வீசுவதற்காக வாரியை உயர்த்தி, வழக்கம்போல வலது காலை அரையடி முன்னால் ஊன்றினான். களிமண் விளிம்பு பெயர்ந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் நீச்சல் உதவாது.

ஒரே ஒரு தடவை தலை மேலே வந்தது. "வில்ஃபு, கயிறு" என்றான்.

வாரியை அவன் விடவில்லை. கயிற்றின் மறுமுனையில் அவன் இருந்தான். நாற்பது வருஷம் தூண்டில் பிடித்த கைக்கு எதிர்முனையில் இருப்பதன் கனம் உடனே தெரிந்துவிடும். பெரிய மீன் முதலில் ஓடும்போது இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் இழுத்தபோதெல்லாம் நான் கயிற்றை விட்டுக்கொடுத்தேன். அவன் இழுத்தான், நான் விட்டேன். நான் தள்ளவில்லை, அவனைத் தொடவுமில்லை. கையில் மிச்சமிருந்த கயிற்றில் பாதிகூடப் போகவில்லை, இழுப்பு நின்றுவிட்டது.

பிறகு குமிழிகள் வந்தன. டென்ச் சேற்றைக் கிளறும்போது வரும் குமிழி ஊசித்தலை அளவுக்கு இருக்கும், கொத்துக் கொத்தாக வரும். இவை பெரியவை. அவையும் நின்றன.

தண்ணீரில் இறங்கிக் குச்சியைப் பழையபடி ஒன்பதாவது கஜத்தில் நட்டேன். அன்றைய இரையில் ஆறு உருண்டை பாக்கி இருந்தது, ஒவ்வொன்றாகப் போட்டேன். பை வெட்டி வைத்திருந்தது. என் துண்டைச் சாப்பிட்டேன். அவன் துண்டை அவன் மனைவி ஐவியிடம் கொடுத்துவிடலாம் என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, தொலைபேசி இருக்கும் பண்ணை வீட்டுக்கு நடந்தேன்.

விபத்து என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். குச்சி அதன் இடத்தில் இருந்தது, பர்கிஸ் அதைத் தாண்டிப் போயிருக்கிறான், அவ்வளவுதான். ஐவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது கஷ்டமாக இருந்தது.

சார்ஜென்ட் டல்லி மறுநாள் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பாவும் கால்வாயில் மீன் பிடிக்கிறவராம். என் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். நாற்பது வருஷம், ஒரு நாள் விடாமல் எழுதியது.

இரை அடைத்த சின்னக் கம்பிக்கூட்டைத் தூண்டில் நூலில் கட்டி எறிகிறோம். அது ஒவ்வொரு தடவையும் அதே சாண் இடத்தில் விழ வேண்டும். தூரத்தை அளந்து ரீலில் இருக்கும் கொக்கியில் நூலை மாட்டிவிட்டால், கூடு அதற்கு மேல் ஓரங்குலமும் போகாது. என் அளவு குச்சியிலிருந்து. குச்சியைத் தாண்டி நான்கு கஜம். குச்சி நகர்ந்தால் கணக்கும் மாற வேண்டும், இல்லையென்றால் இரை ஓரிடத்திலும் தூண்டில் ஓரிடத்திலும் விழும். அதனால் ஒவ்வொரு நாளும் காற்று, தண்ணீர்ச் சூடு இவற்றுக்குக் கீழே, குச்சி எத்தனை கஜம் எத்தனை அங்குலம் என்று எழுதிவைத்தேன். பிடித்த மீனின் எடையில் நாங்கள் பொய் சொல்வோம். குறிப்பேட்டில் எவனும் பொய் எழுத மாட்டான். எழுதாமல் விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சார்ஜென்ட் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இருபது வரி. பிறகு என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கெண்டையைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"கெண்டைப் பேச்சு வந்தது ஜூன் மூணு. குச்சி மொதல்ல நகந்தது எப்பன்னு நீங்களே பாருங்க."

என் கையெழுத்துதான். மே 24. காற்று தென்மேற்கு. குச்சி 9 கஜம் 3 அங்குலம்.

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். கெண்டைக்காகத்தான் செய்தேன் என்று நான் நடிக்கவில்லை. நம்பியிருந்தேன்.

"இருபத்தி மூணாந்தேதி என்ன நடந்திச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல. பர்கிஸ் சங்கக் குடிசைல ஒரு போட்டோ மாட்டினான்."

அவர் அதைப் பார்த்திருந்தார். பர்கிஸ் தன்னுடைய பெரிய மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருக்கும் படம். சட்டம் போட்டு, கீழே அட்டையில் தன் கையால் எழுதியிருந்தான்: 'பிடித்தது ஆர்ச்சி பர்கிஸ். கடைசி வாளி வரை இரை போட்ட வில்ஃப் ஓக்லிக்கே பெருமை எல்லாம்.'

"அவரு உங்களப் பாராட்டித்தான எழுதியிருக்காரு?"

ஆமாம். அவன் மனதில் வேறு எதுவும் இருந்திருக்காது. அதை மாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் சந்தோஷப்படுவேன் என்று. பத்துப் பேர் வந்து படித்துவிட்டு என் முதுகில் தட்டினார்கள். தினமும் கதவைத் திறந்தால் நேரே அந்த வரிதான்.

சார்ஜென்ட் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க மனைவிய அடக்கம் பண்ண அன்னிக்கே ஒங்க எடத்துல அவரு மீன் பிடிச்சாரு. அது மனசுல தங்கிடுச்சு. அப்படித்தான?"

அப்படி எழுதிக்கொடுத்தால் நீதிபதிகூட இரக்கப்படலாம். ஆனால் குறிப்பேட்டில் பொய் எழுதாதவன் இந்தத் தாளில் மட்டும் ஏன் எழுத வேண்டும்?

போன வருஷம் ஜூன் ஒன்பதாம் தேதி காலை, பர்கிஸ் கரையோரமாக மூச்சிரைக்க ஓடிவந்தான். மருத்துவமனையிலிருந்து அவன் கடைக்குப் பேசியிருந்தார்கள். "வில்ஃபு, எட்னா ஒன்னக் கூப்புடுறாளாம். வண்டி கொண்டாந்திருக்கேன், ஏறுடா" என்றான். வாளியில் பாதி இரை இருந்தது. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "குடுடா, நான் போடறேன்" என்று வாளியைப் பிடித்து இழுத்தான். நான் கொடுக்கவில்லை. அவன் கரையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும் வரைக்கும் நின்றான். நாங்கள் போனபோது அவள் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவன் கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த ஏழு நாளும் என் இடத்தில் எனக்காக இரை போட்டது அவன்தான்.

அந்த மீன் என் கைக்கு வந்திருந்தால், அந்தப் பாதி வாளிக்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. வந்தது சுவரில் ஓர் அட்டை.

சார்ஜென்ட்டிடம் இதையும் சொன்னபோது, "பாதி வாளி போட எவ்வளவு நேரமாகும் மிஸ்டர் ஓக்லி?" என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

நாற்பது நிமிஷம் என்றேன். மொத்தமாகக் கொட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிப் போட்டால் டென்ச் வராது.