அஞ்சு மணிப் பரீட்சை

முகக்கவசம் போட்டால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பிய முட்டாள் நான். அந்தமானில் எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டின் படகுப் பயணிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கும் மூவரில் நானும் ஒருவன். வாக்காளர் மனதை ஒட்டுக்கேட்க, எதிர்க்கரையில் உள்ள சாத்தம் தீவுக்குப் போகும் படகில் ஏறினேன். முன் பெஞ்சில் இரண்டு பெண்கள்.

"மூணு பேருக்கும் பரீட்சை வெச்சிருக்கேன்க்கா," என்றாள் ஆஸ்பத்திரி ஃபைலோடு இருந்தவள்.

"என்ன பரீட்சை?"

"அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். முதல் போட்டே ஆறு மணிக்குத்தான், லேட்டாயிடுது. அஞ்சு மணிக்கு ஒரு போட் வேணும். அந்த நேரத்துக்கு போட் ஏறுற ஜெட்டிக்கு வந்து நிக்கிறவருக்குத்தான் எங்க வீட்டு நாலு ஓட்டு."

"அரே, யாரு வந்தாங்க?"

"காண்ட்ராக்டர் ஒரு நாள் வந்தாரு. கார்லயே தூங்கிட்டாரு. பெங்காலி மாஸ்டர்ஜி தினம் வர்றாரு. காத்திருக்கிறவங்க பேரையெல்லாம் எழுதிக்கிட்டுப் போறாரு. இந்தத் தடவ போட் வந்துரும்னு தோணுதுக்கா."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மூணாவது ஆளு எப்படிம்மா?" என்று கேட்டேன்.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "நீங்க முதல்ல அலாரம் வைங்க சார்."